மீன்கண் விழுந்த கண்ணாடி

இந்த உலகத்தில் மூக்குக்கண்ணாடி போட்டிருக்கிறவர்களில் பாதிப் பேர், எதிரே வருவது யாரென்று தெரிந்து நடப்பதே என் தங்கை புருஷன் தயவில்தான். பாதி என்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். நான் சொல்லும் எந்தக் கணக்கையும் நாலால் வகுத்துக்கொள்வது எங்கள் வீட்டில் பழக்கம். வகுத்தாலும் கணிசமான மூக்குகள் மிஞ்சும்.

அவரும் இங்கேதான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்குச் சாப்பிட வருவார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரை மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். "தப்பா எழுதினா சொல்லுவேன்" என்றார். "சொல்லுங்க தம்பி, எழுதறது நான்தானே" என்றேன்.

அவருக்கு வேலை ஒரு லென்ஸ் ஆலையில், பூச்சு அறையில். இப்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியில் கண்ணாடி ஏது, எல்லாம் பிளாஸ்டிக்தான். பிளாஸ்டிக் சீக்கிரம் கீறிக்கொள்ளும். அதற்காக அதன்மேல் கெட்டியான மெல்லிய பூச்சு ஒன்று பூசுவார்கள். பிசின் மாதிரி ஒரு திரவம். லென்ஸைச் சுழல்மேடையில் வைத்து, நடுவில் ஒரு சொட்டு விட்டு, விசையைத் தட்டினால், மேடை சுற்றுகிற சுற்றில் சொட்டு ஓரம்வரைக்கும் ஓடிப் பரவிவிடும். மிச்சம் நிற்பது ஒரு படலம். தலைமுடி ஒன்றை எடுத்து நீளவாக்கில் உங்களால் எத்தனை பங்கு பிளக்க முடியுமோ அத்தனை பிளந்து, அதில் ஒரு பங்கை மறுபடியும் பிளந்தால் வரும் கனம். அப்புறம் ஓவன். அதில் இறுகிவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால் இறுகுவதற்கு முன்னால் சூட்டில் அது ஒரு நேரம் இளகும். பூச்சுக்கும் லென்ஸுக்கும் பொருத்தம் இருக்கிறதா இல்லையா என்பது அப்போதுதான் தெரியும். பொருத்தம் இருந்தால் கம்மென்று படிந்து கிடக்கும். இல்லாவிட்டால், எண்ணெய்ப் பிசுக்குத் தட்டில் விட்ட தண்ணீர் மாதிரி, தன்னைத்தானே சுருட்டிக்கொண்டு விலகும். முதலில் ஊசிமுனை அளவுக்கு ஒரு பொத்தல். விலகின பூச்சு எங்கே போகும்? பொத்தலைச் சுற்றி வரப்பு மாதிரி திரண்டு நிற்கும். பொத்தல் பெரிசாகும். பக்கத்துப் பொத்தலோடு முட்டும். நடுவில் வரப்பு மட்டும் மிஞ்சும். கடைசியில் வரப்பும் அறுந்து மணிமணியாக உருண்டுவிடும். ஆரம்பத்தில் வட்டமாக, நடுவில் புள்ளியோடு, மீனின் கண் மாதிரி இருப்பதால் ஆலையில் அதற்குப் பெயர் மீன்கண். கனமான பூச்சு எதையும் சகித்துக்கொண்டு கிடக்கும். இந்த ரோஷமெல்லாம் மெல்லிய பூச்சுக்குத்தான்.

அந்த ரோஷத்தைக் கிளப்பிவிட ஒரு பொருள் போதும். சிலிக்கோன். கைக்குப் பூசும் க்ரீமில் இருக்கும், தலைக்குப் போடும் கண்டிஷனரில் இருக்கும், கீல் கிரீச்சிடாமல் இருக்கக் கதவுக்கு அடிக்கும் ஸ்பிரேயில் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு லென்ஸில் பட்டால் போதும், பூச்சு அந்த இடத்தை விட்டு விலகிப் போய்விடும். ஆகவே பூச்சு அறைக்குப் போகிறவர்கள் எதையும் பூசிக்கொள்ளக் கூடாது. என் தங்கை புருஷன் அறை வாசலில் நின்று, உள்ளே போகிற ஒவ்வொருவர் கையையும் மோந்து பார்ப்பார். ஆலையில் அவருக்கு வைத்த பெயர் மோப்பம். கல்யாணம் முடிந்து வேலைக்குத் திரும்பிய ஒரு பெண்ணை அப்படியே வாசலோடு திருப்பி அனுப்பினார். மானேஜர் புதிதாக ஏதோ தலைக்குத் தடவிக்கொண்டு வந்தபோது, நடைபாதை முனையில் அவர் வரும்போதே "சார், அங்கேயே நில்லுங்க" என்றாராம். நடைபாதையின் நீளத்தையும் நாலால் வகுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? கல்யாண ராத்திரி புது மாப்பிள்ளை முதலில் கையில் எடுத்தது பெண்ணின் கையை அல்ல, அவள் கொண்டுவந்திருந்த க்ரீம் டப்பாவை. பின்பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை விளக்கடியில் முழுவதும் படித்தாராம். மறுநாள் என் தங்கை என்னிடம் சொன்னாள்: "அக்கா, எனக்கு முன்னாடியே அந்த மனுஷனுக்கு ஒருத்தி இருக்கா. வட்டமா, பளபளன்னு, தொட்டா கைரேகை விழும்."

அதற்கப்புறம் அவள் ஆயுசு முழுக்க எதையும் பூசவில்லை. குளிர்காலத்தில் அவள் கை உப்புத்தாள் மாதிரி இருக்கும். குதிகால் வெடித்திருக்கும். விசேஷங்களுக்குப் போனால் மற்றப் பெண்கள் வாசனையாக உட்கார்ந்திருப்பார்கள், இவள் மட்டும் வெறும் சோப்பு வாசனையோடு இருப்பாள். "சக்களத்திக்கு ஒத்துக்காது" என்று சொல்லிச் சிரிப்பாள். அவர் பக்கத்திலேயே இருப்பார். ராத்திரி சமையல் எண்ணெயில் இரண்டு சொட்டு எடுத்து அவள் குதிகாலில் தேய்த்துவிட்டு, தன் கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவிக்கொள்வார் என்று அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவளுக்கு உடம்பு முடியாமல் போனபோது அவர் நீண்ட லீவு போட்டுவிட்டு ஆஸ்பத்திரியில் கூடவே இருந்தார். படுத்த படுக்கையில் காலெல்லாம் தோல் வறண்டு பாளம் பாளமாக வெடித்தது. ஒரு நர்ஸ் வந்து ஒரு ட்யூபை அவர் உள்ளங்கையில் பிதுக்கிவிட்டு, "தேயுங்க, காலையும் சாயங்காலமும்" என்று சொல்லிப் போனாள். தேய்த்தார். வாசனையே இல்லாத க்ரீம். அவர் மூக்குக்கு அதில் வேலை இல்லை. பொடி எழுத்தைப் படித்தே குடும்பம் நடத்தின மனிதர், அந்த ஒரு ட்யூபின் பின்பக்கத்தை மட்டும் திருப்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகும் அதே ட்யூப்தான். தேய்த்துவிட்டுக் காலைச் சாம்பல்நிறப் போர்வையால் மூடிவிடுவார்.

அவள் போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்து அவர்கள் மகள் தன் வீட்டுக்குத் திரும்பினாள். நான் கொஞ்ச நாள் அங்கேயே தங்கினேன். அவர் அழவில்லை. அழாததை ஒரு குறையாகச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். "காபியா டீயா தம்பி?" என்றால் "ஆமா" என்பார். கொடுத்ததைக் குடிப்பார். துக்கம் கேட்க வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்து "உட்காருங்க" என்பார். ஒரு நாள் சட்டையின் பொத்தானை ஒரு துளை தள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். நான் சொன்னேன். குனிந்து பார்த்துவிட்டு, "ஆமா, தள்ளித்தான் இருக்கு" என்று சொல்லி அப்படியே போய்விட்டார்.

ராத்திரியானால் அந்தச் சாம்பல்நிறப் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுப்பார். கழுத்துவரை இழுத்துக்கொள்வார். புழுக்கமான நாளிலும்.

சீக்கிரமே வேலைக்குப் போக ஆரம்பித்தார். "இன்னும் கொஞ்ச நாள் ஓய்வெடுங்களேன்" என்றேன்.

"அங்க யாரும் பேச மாட்டாங்க அக்கா" என்றார். "வாயை மூடிக் கட்டியிருக்கும். எப்படி இருக்கீங்கன்னு யாரும் கேட்க முடியாது."

அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான் என்று எனக்கு அப்போது புரிந்தது. வெள்ளை உடுப்பு, மூடின வாய், சுற்றுகிற மேடை, நடுவில் ஒரு சொட்டு. சொட்டு தன் பாட்டுக்குப் பரவும். அதற்கு ஆறுதல் சொல்லத் தெரியாது.

அங்கேதான் மீன்கண் விழ ஆரம்பித்தது.

இதை எனக்குச் சொன்னது ஓவன்காரர். ஓவனைப் பார்த்துக்கொள்கிறவர், இவரோடு வெகுகாலம் வேலை பார்த்தவர். வாய்க்கட்டு போட்டுப் பகலெல்லாம் அடைத்து வைத்த பேச்சை வெளியே வந்ததும் மடை திறந்துவிடுகிற ஆள். ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். இவர் பின்பக்கம் துணி எடுக்கப் போயிருந்தார்.

"அக்கா, ஓவனைத் திறந்தா தட்டு தட்டா பொத்தல். மேல பார்த்தோம், காத்து வர்ற ஃபில்டரை மாத்தினோம். திரவத்தை மாத்தினோம். லென்ஸ் கழுவுற தொட்டியைக் கொட்டிட்டுப் புதுசா நிரப்பினோம். விழுது. நான் சொன்னேன், 'என்ன மோப்பம், மூக்கை எங்கயாவது விட்டுட்டு வந்துட்டியா? எவனோ பூசிக்கிட்டு வர்றான், நீ கோட்டை விடற'ன்னு. வழக்கமா அவன் திருப்பிக் குடுப்பான் இல்ல? ஒண்ணுமே சொல்லலை. என் கையை மறுபடியும் மோந்து பார்த்துட்டுப் போயிட்டான். எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அந்த அறைக்குப் பொறுப்பு ஒரு கெமிஸ்ட் பெண். சின்ன வயசு, பெரிய படிப்பு. அவள்தான் விரல் சோதனை வைத்தாள். கை கழுவிவிட்டு ஒவ்வொருவரும் சுத்தமான ஒரு லென்ஸின் நடுவில் ஒரு விரலை வைத்து எடுக்க வேண்டும். அதன்மேல் பூச்சு போட்டு ஓவனில் வைப்பார்கள். யார் விரல் பட்ட இடத்தில் பூச்சு விலகுகிறதோ அந்த ஆள்தான் கொண்டுவருகிறார்.

"என் விரலை வச்சா பூச்சு விலகவே விலகாதும்மா, என் மாமியார் மாதிரி, வந்தா போகவே போகாது" என்று ஓவன்காரர் சொன்னாராம். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோர் லென்ஸும் சுத்தமாக வந்தது, ஒன்றைத் தவிர. அதன் நடுவில் ஒரு விரல்நுனி அப்படியே திறந்திருந்தது. ரேகை ரேகையாகப் பூச்சு விலகி, ஒவ்வொரு ரேகையும் அறுந்து, வரிசை வரிசையாகப் பொடி மணிகள். அது மோப்பத்தின் விரல்.

யாரும் சிரிக்கவில்லை. இவர் அந்த லென்ஸை விளக்கில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சிலிக்கோன்தான். நல்லா விலகியிருக்கு" என்றார், வேறு யாருடைய விரலையோ பற்றிச் சொல்வது போல.

"சார், வீட்டுல புதுசா ஏதாவது மாத்தினீங்களா?" என்று கெமிஸ்ட் பெண் கேட்டாள்.

"ஒண்ணும் மாத்தலைம்மா. ஒரு ஆள் குறைஞ்சிருக்கு. அவ்வளவுதான்."

அவள் அந்த லென்ஸை வாங்கி மேசையில் வைத்தாளாம். அப்புறம் சொன்னாளாம்: "அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் விரல் வைங்க சார். சுத்தமா வந்தா உங்க மேடை உங்களுக்குத்தான். வரலைன்னா..." மீதியை அவள் சொல்லவில்லை. அங்கே எல்லோருக்கும் தெரியும். பூச்சு அறைக்கு ஆகாதவர்களைப் பேக்கிங் பகுதிக்கு அனுப்பிவிடுவார்கள். லென்ஸை உறையில் போட்டு அட்டைப்பெட்டியில் அடுக்குகிற இடம். வாய்க்கட்டு கிடையாது. ரேடியோ பாடும். பெரிய மேசையைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் குடும்பக் கதை பேசுவார்கள். வேறு யாருக்காவது என்றால் அது ஓய்வு மாதிரி. இவருக்கு அது தண்டனை.

மறுநாள் வேலையிலிருந்து வரும்போது ஒரு டப்பா நிறையச் சுத்தமான லென்ஸ்கள் கொண்டுவந்தார். உறை போட்ட கையால் ஒவ்வொன்றாக எடுத்து, வீட்டில் இருக்கும் பொருள்கள் மேல் அழுத்தினார். துண்டு, தலையணை, நாற்காலிக் கைப்பிடி, சோப்புப் பெட்டி, செருப்பு. ஒவ்வொரு லென்ஸின் ஓரத்திலும் பெயரைப் பொறித்தார்.

"என்ன தம்பி, வீட்டுக்கே கைரேகை எடுக்கறீங்களா? என் கன்னத்துலயும் ஒண்ணு அழுத்திக்கோங்க, அப்புறம் என்மேல சந்தேகம் வரக் கூடாது" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்துச் சொன்னது. அவர் நிஜமாகவே என் கன்னத்தில் ஒரு லென்ஸை அழுத்தி, ஓரத்தில் "அக்கா" என்று பொறித்து வைத்தார்.

அடுத்த நாள் எல்லாவற்றையும் பூசி, ஓவனில் வைத்து எடுத்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டு மேசையில் விளக்குக்குக் கீழே பரப்பினார். அக்கா சுத்தம். சோப்புப் பெட்டி சுத்தம். தலையணையில் ஏழெட்டு மீன்கண். நாற்காலிக் கைப்பிடியிலும் செருப்பிலும் கொஞ்சம் அதிகம். கடைசியாக ஒரு லென்ஸை நகர்த்தினார்.

"இதுல பூச்சே நிக்கலை அக்கா."

பார்த்தேன். பொத்தல் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. பொத்தல் விழுவதற்குப் பூச்சு வேண்டுமே. லென்ஸ் முழுக்கக் குட்டிக் குட்டி உருண்டைகள், ஒன்றையொன்று தொடாமல், தனித்தனியாக. வியர்த்துப்போன மாதிரி இருந்தது. ஓரத்தில் "போர்வை" என்று பொறித்திருந்தது.

அவர் எழுந்து போய் அலமாரி டிராயரைத் திறந்தார். அந்த ட்யூப் அங்கேதான் கிடந்தது, பாதி சுருட்டினபடி, அவர் விரல் அழுத்தின பள்ளத்தோடு. பின்பக்கத்தைத் திருப்பி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார். மெதுவாக, ஒவ்வொரு பெயராக. நடுவில் ஓரிடத்தில் உதடு நின்றது. பிறகு கடைசிவரைக்கும் படித்து முடித்தார். படிக்க ஆரம்பித்ததை அவர் பாதியில் விட மாட்டார்.

"நர்ஸம்மா கையில பிதுக்கிட்டாங்க" என்றார். "முதல் நாளே ட்யூபை என் கிட்ட குடுத்திருந்தா திருப்பிப் பார்த்திருப்பேன்."

"பார்த்திருந்தா தேய்க்காம விட்டிருப்பீங்களா?"

அவர் யோசித்தார். "தேய்ச்சிருப்பேன். கழுவியிருப்பேன்."

"சரி, இப்ப கழுவிடலாமே. போர்வையை வெந்நீர்ல ஊற வச்சு..."

"துணியில ஊறினது சோப்பால போகாது அக்கா. இங்க இருக்கறது அங்க பரவும். அவ்வளவுதான்."

ஆக, போர்வை வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் அவர் பூச்சு அறையைவிட்டு வெளியே போக வேண்டும். இதை நாங்கள் இருவரும் வாயால் சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு பெரிய கறுப்புப் பை கொண்டுவந்து செருப்பைப் போட்டேன். தலையணையைப் போட்டேன். நாற்காலியின் துணியைக் கழற்றிப் போட்டேன். கை மரத்துப்போனவர் மாதிரி அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டே வந்தார். ட்யூபையும் அவரே போட்டார். போர்வைக்கு வந்ததும் அதை மடித்தார். நாலு மூலையும் சேர்த்து, சுருக்கம் நீவி, கடையில் விற்கிற மாதிரி மடித்துக் கட்டிலின் கால்மாட்டில் வைத்தார்.

"இது நாளைக்கு" என்றார்.

மறுநாளும் அதையேதான் சொன்னார். அதற்கு அடுத்த நாளும். பகலில் மடித்தபடி இருக்கும், காலையில் பார்த்தால் மடிப்பு வேறு மாதிரி இருக்கும். எங்கள் இருவருக்கும் தெரியும், நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வீட்டிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள், நான் கிளம்ப வேண்டியதாயிற்று. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "தம்பி, திங்கட்கிழமை" என்றேன்.

"தெரியும் அக்கா."

அன்று சாயங்காலம் அவர் போர்வையை எடுத்துக் கறுப்புப் பையில் வைத்தார். பையின் வாயை முடிச்சுப் போட்டார், ஒன்றல்ல, இரண்டு. தெருக்கோடிக் குப்பைத்தொட்டிவரை தூக்கிப் போய்ப் போட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் வந்தார். மூன்று தடவை குளித்தார். திங்கட்கிழமை பூச்சு அறையில் எல்லோரும் சூழ்ந்து நிற்க, லென்ஸின் நடுவில் விரலை வைத்து எடுத்தார். மேடை சுற்றியது. ஓவன் திறந்தது. விளக்கில் பிடித்தால் ஓரத்திலிருந்து ஓரம்வரைக்கும் ஒரு பொத்தல் இல்லை. மழை பெய்து ஓய்ந்த வானம் மாதிரி இருந்தது. கெமிஸ்ட் பெண் கைதட்டினாள், ஓவன்காரர் விசில் அடித்தார். வாய்க்கட்டுக்குள் எப்படி விசில் என்று கேட்காதீர்கள். அப்போதுதான், முதல்தடவையாக, என் தங்கை புருஷன் கண்ணிலிருந்து ஒரு சொட்டு விழுந்து...

இதுவரைக்கும் வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். அவர் பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கடைசியில இருக்கறது நடக்கலை."

"எது நடக்கலை? விசிலா?"

"எதுவுமே. அன்னிக்குச் சோதனைக்கு நான் விரலே வைக்கலை. வச்சா என்ன வரும்னு தெரியும், ஒரு லென்ஸ் எதுக்கு வீணா? பேக்கிங்குக்குப் போறேன்னு நானே சொல்லிட்டேன். அந்தப் பொண்ணு சரி சார்னு சொல்லுச்சு. கைதட்டலை."

"பேக்கிங்ல எல்லாரும் பேசுவாங்களே தம்பி."

"பேசறாங்க." பேப்பரை ஒரு தடவை பிரித்து மறுபடியும் மடித்தார். "போர்வை கட்டில்லதான் இருக்கு. அதைத் திருத்திடுங்க."